ஆட்டம் இல்லாத நாளின் வெயில்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கட்டாக் பாராபதி அரங்கத்தில் இங்கிலாந்து வைத்த 305 ரன் இலக்கை இந்தியா துரத்திக்கொண்டிருந்தது. ரோகித் சர்மாவும் சுப்மன் கில்லும் ஆடிக்கொண்டிருந்தபோது, ஏழாவது ஓவரில் ஒரு விளக்குக் கோபுரம் மினுங்கி அணைந்தது. அரை மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் நின்றது. அந்தக் கோபுரத்துக்கு மின்சாரம் தந்த ஜெனரேட்டர் பழுதானதும், மாற்று ஜெனரேட்டருக்கும் கோபுரத்துக்கும் இடையில் ஒரு வாகனம் நின்றதால் இணைக்கத் தாமதமானதும்தான் காரணம் என்று ஒடிசா கிரிக்கெட் சங்கம் விளக்கியது.

அதே நாள் முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணை மின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்குதான் காரணம் என்று உலகமே சிரித்தது. குரங்கு தொடங்கிவைத்தது உண்மைதான். ஆனால் ஒரு துணை மின்நிலையத்துக் கோளாறு நாடு முழுவதையும் இருட்டில் தள்ளியதற்குக் காரணம் வேறு. விடுமுறை நாள் என்பதால் மின் நுகர்வு குறைவு. நல்ல வெயில் என்பதால் கூரைச் சோலார் உற்பத்தி அதிகம். அதற்கு இடம் கொடுக்கப் பெரிய சுழலிகள் பலவற்றின் ஓட்டம் குறைக்கப்பட்டிருந்தது. அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் எடை மின்தொகுப்பில் இல்லை. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரத்தில் சோலாரை அணைத்துவையுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் இலங்கை மின்சார சபை கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

கட்டாக்கில் இரவில் மின்சாரம் கிடைக்கவில்லை. இலங்கையில் பகலில் மிஞ்சியது. இந்த இரண்டு சிக்கலும் ஒரே மதில்சுவருக்குள் அடங்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது விளையாட்டரங்கம்தான். பகலெல்லாம் பரந்த கூரையில் வெயில் காயும், கீழே ஆள் இருக்காது. ஆள் வரும்போது சூரியன் போயிருக்கும்.

விளக்கின் குணமும் டீசலின் வாடையும்

நம் நாட்டில் பெரிய ஆட்டங்களின் கோபுர விளக்குகள் டீசல் ஜெனரேட்டரில் எரிவது ஏன்? ஈ.பி. கரண்ட் அரங்கத்துக்குள் வந்துகொண்டுதானே இருக்கிறது?

விடை பழைய விளக்கின் இயற்பியலில் இருக்கிறது. பல ஆண்டுகளாக அரங்கங்களில் எரிந்தவை மெட்டல் ஹாலைடு விளக்குகள். ஒரு சிறு குழாய்க்குள் பாதரச ஆவியும் உலோக உப்புகளும் அதிக அழுத்தத்தில் இருக்க, அவற்றினூடே மின்வில் பாய்ந்து ஒளி தரும். கரண்ட் ஒரு நொடி தடுமாறினாலும் வில் அறுந்துவிடும். அறுந்த வில்லை உடனே மீண்டும் மூட்ட முடியாது. சூடான குழாய்க்குள் அழுத்தம் தணிய வேண்டும். பிறகு முழு வெளிச்சம் வர மேலும் சில நிமிடங்கள் ஆகும். மொத்தத்தில் பத்து, பதினைந்து நிமிடம் போய்விடும். 2013 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல் இறுதியாட்டம் 34 நிமிடம் நின்றது. பாதுகாப்புக்கென்று புதிதாக வைத்த ஒரு ரிலே கருவியே தவறாகச் செயல்பட்டு இணைப்பைத் துண்டித்திருந்தது. கோளாறைச் சரிசெய்த பிறகும் விளக்குகள் முழு வெளிச்சத்துக்கு வரக் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு நொடித் தடுமாற்றத்துக்குப் பதினைந்து நிமிட இருட்டு என்றால், ஊர்க்கம்பியை நம்பி யார் நேரலை நடத்துவார்? அதனால்தான் ஆட்டம் தொடங்கும் முன்பே ஜெனரேட்டரை ஓடவிட்டு, விளக்கை அதில் மாட்டிவிடுவது வழக்கமானது. டீசல் இங்கே அவசரத்துக்கு வைத்த மாற்று அல்ல. அதுதான் முதல் ஆதாரம்.

எல்.இ.டி. விளக்கு இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. கரண்ட் வந்த கணமே அது முழு ஒளியில் எரியும். மெட்டல் ஹாலைடோடு ஒப்பிட ஏறத்தாழ பாதி மின்சாரமே போதும். அதன் பின்னால் ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருந்தால், கம்பியில் வரும் தடுமாற்றம் சில மில்லிநொடிகளில் சரிசெய்யப்படும். பந்து வீச்சாளர் ஓடிவந்து பந்தை விடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். டீசலைக் கட்டாயமாக்கிய அந்தப் பழைய காரணம் இன்று இல்லை. பழக்கம் மட்டும் தொடர்கிறது.

பழக்கத்தோடு பணக் காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 1 அன்று ராய்ப்பூரின் ஷஹீத் வீர் நாராயண் சிங் அரங்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. அந்த அரங்கம் 3.16 கோடி ரூபாய் மின்கட்டணம் பாக்கி வைத்திருந்ததால் 2018-லேயே இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. தற்காலிக இணைப்பு பார்வையாளர் பகுதிகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. கோபுர விளக்குகளை ஜெனரேட்டர்தான் எரித்தது. அரை லட்சம் பேர் அமரும் அரங்கம் கட்டிவிட்டோம். அது வெறுமனே கிடக்கும் நாள்களுக்கும் மின்கட்டணம் உண்டு என்பதை யாரும் எண்ணவில்லை. உயரழுத்த இணைப்பு பெற்றவர், கரண்டைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், ஒப்பந்தம் செய்துகொண்ட அளவுக்கு மாதந்தோறும் கேட்புக் கட்டணம் கட்ட வேண்டும். ஆண்டில் சில இரவுக்காக வாங்கிய பெரிய இணைப்பு பன்னிரண்டு மாதமும் பணம் கேட்கும்.

தொட்டியும் குழாயும்

பேட்டரி பற்றிய செய்திகளில் மெகாவாட், மெகாவாட்-மணி என இரண்டு எண்கள் வரும். பலரும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது மெகாவாட்-மணி. அடியில் உள்ள குழாய் எவ்வளவு பருமன், ஒரு நேரத்தில் எவ்வளவு நீர் பாயும் என்பது மெகாவாட். ஒரு கிலோவாட்-மணியைத்தான் நாம் ஒரு யூனிட் என்கிறோம்.

இப்போது நமக்குப் பக்கத்து எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெங்களூரு சின்னசாமி அரங்கத்தின் கூரையில் 2015-ல் 400 கிலோவாட் சோலார் அமைத்தார்கள். கிரிக்கெட் அரங்கங்களில் இது முன்னோடி. தென்னிந்திய வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அப்படியானால் 400 கிலோவாட் தருவது நாளுக்கு 1,600 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் யூனிட். மும்பை பிராபோர்ன் அரங்கத்தின் கூரையில் பின்னர் வந்த அமைப்பு இதைப்போல இரு மடங்கு, 820 கிலோவாட்.

ஓர் இரவு ஆட்டத்துக்கு விளக்கு, ஒளிபரப்பு, குளிரூட்டல், சமையல், மின்தூக்கி எல்லாம் சேர்த்து 1,000 கிலோவாட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரத்துக்கு 5,000 யூனிட். கூரை தருவது 1,600. ஓர் இரவுக்கு மூன்று பகலின் வெயில் வேண்டும். ஆனால் ஆட்டம் தினமும் நடப்பதில்லை. ஓர் ஐ.பி.எல். அணி சொந்த மண்ணில் ஆடும் லீக் ஆட்டங்கள் ஏழு. சர்வதேச ஆட்டங்களைச் சேர்த்தாலும் ஆண்டில் பதினைந்து இரவைத் தாண்டுவது அரிது. பதினைந்து இரவின் தேவை 75,000 யூனிட். கூரை தருவது 6 லட்சம் யூனிட். ஆண்டுக் கணக்கில் தேவையைப்போல எட்டு மடங்கு. ஆனால் ஆட்ட இரவில் ஒரு யூனிட்கூட நேரடியாக உதவாது.

சின்னசாமி அரங்கம் இதைப் பேட்டரி இல்லாமலே சமாளித்தது. பகலில் மிஞ்சுவதை மின்வாரியக் கம்பிக்குக் கொடுத்து, இரவில் கம்பியிலிருந்து எடுத்துக் கழித்துக்கொள்ளும் நிகர அளவீட்டு முறை அது. தைவானின் காவ்சியூங் நகரில் 2009-ல் திறந்த தேசிய அரங்கமும் இவ்வழியில்தான் போனது. கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ அமைத்த அதன் வளைந்த கூரையில் 8,844 சோலார் பலகைகள். ஆட்டம் இல்லாத நாள்களில் அந்த மின்சாரம் சுற்றுவட்டாரத்துக்குப் போகிறது.

இந்த முறை எளிது, மலிவு. ஆனால் இதில் சேமிப்பு எதுவும் நடப்பதில்லை. நண்பகலில் நாம் தந்த யூனிட்டை அந்தக் கணமே வேறு யாரோ செலவழித்துவிடுகிறார்கள். இரவில் நாம் எடுப்பது ஏதோ ஓர் அனல்மின் நிலையத்தில் அப்போது புதிதாக உற்பத்தியான யூனிட். கம்பியில் சோலார் குறைவாக இருக்கும்வரை இந்தக் கைமாற்று நன்றாக நடக்கும். ஊரில் எல்லாரும் நண்பகலில் கொடுத்து இரவில் திருப்பிக் கேட்கத் தொடங்கினால், இலங்கை கண்ட ஞாயிற்றுக்கிழமையை நாமும் காண நேரும். உயரழுத்த இணைப்புகளுக்கு மாலை உச்ச நேரத்தில் யூனிட் விலையில் 25 சதவீதம் கூட்டித் தமிழ்நாட்டு மின்வாரியம் வாங்குவதன் பொருளும் இதுவே. ஐ.பி.எல். இரவு ஆட்டம் தொடங்கும் ஏழரை மணி அந்த உச்ச நேரத்தின் நடுவில் விழுகிறது.

ஆம்ஸ்டர்டாமின் 148 கார்கள்

அரங்கத்துக்குள் பெரிய பேட்டரி வைத்துப் பார்த்தவர்களில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம்காரர்கள் முக்கியமானவர்கள். யோகன் கிரைஃப் அரங்கத்தின் கூரையில் 4,200 சோலார் பலகைகள் உண்டு. 2018 ஜூனில் அங்கே 3 மெகாவாட், 2.8 மெகாவாட்-மணி பேட்டரி இயங்கத் தொடங்கியது. 148 நிஸ்ஸான் லீஃப் மின்கார்களின் பேட்டரிக்கு ஈடான அளவு; புதியவையும் கார்களில் ஓடித் தேய்ந்தவையும் கலந்து கட்டியது. காருக்கு ஆகாத பேட்டரி குப்பைக்குப் போக வேண்டியதில்லை. முழுக் கொள்ளளவில் முக்கால் பங்குவரை அதில் மிச்சம் இருக்கும். எடையும் இடமும் பொருட்டல்லாத ஒரு கட்டடத்து அடித்தளத்தில் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

அதே ஆண்டு லண்டனில் ஆர்சனல் அணியின் எமிரேட்ஸ் அரங்கமும் பேட்டரிக்கு வந்தது. அங்கே திட்டமிட்ட முழு அளவு 3 மெகாவாட், 3.7 மெகாவாட்-மணி. அறுபதாயிரம் பேர் கூடும் ஓர் ஆட்டத்தை முழுவதும் நடத்தப் போதுமான சேமிப்பு.

இரண்டிலும் குழாய் பருமன், தொட்டி சிறிது. முழு வேகத்தில் திறந்தால் ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. கால்பந்து ஆட்டம் தொண்ணூறு நிமிடம் என்பதால் மட்டும் இப்படிக் கட்டவில்லை. அந்தப் பேட்டரிகளின் உண்மையான பிழைப்பு ஆட்டம் இல்லாத நாளில் நடக்கிறது.

மின்தொகுப்பின் துடிப்பு நொடிக்கு 50 சுற்று. நுகர்வு உற்பத்தியைத் தாண்டினால் துடிப்பு குறையும். உற்பத்தி மிஞ்சினால் கூடும். இந்தியத் தொகுப்பில் அது 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. அனல், புனல் நிலையங்களில் சுழலும் கனமான சுழலிகள் தம் எடையாலேயே இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். சோலார் பலகையில் சுழல்வது எதுவும் இல்லை. இலங்கையில் அன்று இல்லாமல்போனது இந்தச் சுழல் எடைதான். அனல்மின் நிலையம் உற்பத்தியைக் கூட்ட நிமிடங்கள் ஆகும். பேட்டரியோ ஒரு நொடிக்குள் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். ஐரோப்பாவில் இந்தச் சேவைக்கென்று தனிச் சந்தை உண்டு. துடிப்பு சரிந்தால் கொடுப்பேன், ஏறினால் எடுத்துக்கொள்வேன் என்று பேட்டரி நாள் முழுக்கக் காவல் நிற்கும். அதற்குக் கூலி வாங்கும். அரங்கத்தின் விளக்கை எரிப்பது அதற்கு உபதொழில்.

நம் ஊர் அரங்கத்துக்கு அந்த வடிவை அப்படியே எடுத்துவந்தால் பொருந்தாது. நமக்கு வேண்டியது இரவு கிரிக்கெட்டின் நான்கு, ஐந்து மணி நேரம். மாலை உச்ச நேரமும் நான்கு மணி நேரம். குழாய் சிறிதாகவும் தொட்டி பெரிதாகவும் இருக்க வேண்டும். ராய்ப்பூர் அரங்கம் ஜெனரேட்டரில் ஓடிய அதே சத்தீஸ்கரில், ராஜ்நந்த்காவ் சோலார் நிலையத்தில் 40 மெகாவாட், 120 மெகாவாட்-மணி பேட்டரி அமைத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரம் ஓடும் தொட்டி. பகல் வெயிலை மாலைக்குத் தள்ளிவைப்பதே அதன் வேலை. தமிழ்நாட்டுக்கும் இந்த வேலை புதிதல்ல. ஆனைமலையின் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து மிச்ச மின்சாரத்தில் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழிறக்கி மின்சாரம் எடுக்கிறது.

67 ரூபாயும் 3 ரூபாயும்

பேட்டரி விலை 2010-க்கும் 2024-க்கும் இடையில் சுமார் 90 சதவீதம் சரிந்திருக்கிறது. ஆனாலும் அது டீசலைவிட மலிவா என்ற கேள்விக்கு ஒரே வரியில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முன்பு சொன்ன 5,000 யூனிட் தேவைக்கு அதே அளவு லித்தியம் பேட்டரி வைக்கிறோம். இன்வெர்ட்டர் உட்பட ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 15,000 ரூபாய் என்று வைத்தால் செலவு 7.5 கோடி. பதினைந்து ஆண்டு உழைக்கும் என்று கொள்வோம்.

ஆட்டத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 15 இரவு, பதினைந்து ஆண்டில் 225 இரவு. மொத்தம் எடுப்பது 11.25 லட்சம் யூனிட். ஒரு யூனிட்டுக்குப் பேட்டரிச் செலவு மட்டும் 67 ரூபாய். டீசலில் ஒரு லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் வரும். யூனிட் விலை சுமார் முப்பது ரூபாயில் அடங்கிவிடும். ஆக, ஆட்டத்துக்கு மட்டும் பேட்டரி வாங்குபவர் டீசலைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்கிறார்.

அதே பேட்டரியை ஆண்டில் 350 நாள், தினம் ஒரு முறை நிரப்பிக் காலிசெய்தால்? பதினைந்து ஆண்டில் 5,250 சுற்று, 2.6 கோடி யூனிட். யூனிட்டுக்கு 3 ரூபாய்க்கும் குறைவு. வட்டியும் தேய்மானமும் சேர்த்தால் இரண்டு எண்களும் ஏறும். இடையில் உள்ள இருபது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு அப்படியே இருக்கும்.

இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 6,000 சுற்று தாங்கும். அதில் 225 சுற்று மட்டும் பயன்படுத்துவது நூற்றில் நான்கு பங்கைக்கூடத் தொடாமல் விடுவது. பயன்படுத்தாவிட்டால் மிச்சமாகும் என்பதும் இல்லை. சும்மா கிடந்தாலும் உள்ளே வேதிப்பொருள் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும். விளையாட்டரங்கத்துப் பேட்டரியின் பொருளாதாரம் ஆட்டம் நடக்கும் நாளில் இல்லை, ஆட்டம் இல்லாத நாளில்தான் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

வளைகுடாவிலிருந்து வெள்ளாற்றங்கரைக்கு

வெள்ளாற்றங்கரையில் உள்ள நம் லப்பைக்குடிக்காட்டில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன ஆள் இல்லாத தெரு அபூர்வம். 2022 நவம்பர், டிசம்பரில் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது அந்த அரங்கங்களின் வெளிச்சத்தை நேரில் கண்டவர்கள் நம் பக்கத்தில் உண்டு. போட்டிக்கு முந்தைய மாதம்தான் தோஹாவுக்கு மேற்கே அல் கர்சாவில் 800 மெகாவாட் சோலார் நிலையத்தைக் கத்தார் திறந்தது. ஆனால் ஆட்டங்களில் பெரும்பாலானவை நடந்தது சூரியன் சாய்ந்த பிறகு. இரவு விளக்கை எரித்தது இயற்கை எரிவாயு. பாலைவனத்து வெயிலாலும் இரவைத் தொட முடியவில்லை, சேமிப்பு இல்லாததால்.

வெள்ளாற்றின் இக்கரையில் நாம், அக்கரையில் திட்டக்குடி. இந்தப் பக்கம் எண்பதாயிரம் பேர் அமரும் அரங்கம் இல்லை, வேண்டியதும் இல்லை. இருப்பவை பள்ளிக்கூட மைதானங்கள். கால்பந்து, கைப்பந்து, கபடி. மின்னொளிப் போட்டி என்றால் வாடகைக்கு வரும் ஜெனரேட்டர். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. நம் குன்னம் தொகுதியோ பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னத்தையும் அரியலூர் மாவட்டத்தின் செந்துறையையும் சேர்த்தது. இந்த வட்டாரத்து மைதானம் ஒன்றுக்கு மேலே போட்ட கணக்கைச் சுருக்கிப் பார்ப்போம்.

நான்கு கம்பம், கம்பத்துக்கு நான்கு விளக்கு, ஒவ்வொன்றும் 500 வாட் எல்.இ.டி. மொத்தம் 8 கிலோவாட். மாலை ஆறிலிருந்து பத்துவரை எரித்தால் 32 யூனிட். அதற்கு 10 கிலோவாட் சோலார் போதும்; நாளுக்கு 40 யூனிட் தரும், ஆயிரம் சதுர அடிக் கூரை கேட்கும். சேமிக்க 40 யூனிட் பேட்டரி. சிறிய அமைப்பு என்பதால் யூனிட் கொள்ளளவுக்கு 20,000 ரூபாய் வைத்தால் பேட்டரிக்கு 8 லட்சம்.

ஆண்டில் இருபது இரவு மின்னொளிப் போட்டி நடத்தத்தான் இது என்றால், டீசல் செலவே இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். 8 லட்சத்தை மீட்க நாற்பது ஆண்டு ஆகும். பேட்டரி அதில் பாதிக் காலம்கூட இருக்காது. மைதானத்தில் தினமும் பிள்ளைகள் பயிற்சி எடுத்து, ஆண்டில் 300 மாலை விளக்கு எரிந்தால், டீசலோடு ஒப்பிட மூன்று ஆண்டுக்குள் பேட்டரிக்குப் போட்ட பணம் திரும்பிவிடும். ஒன்று மறக்கக் கூடாது: ஈ.பி. இணைப்பு தடங்கலின்றிக் கிடைக்கும் இடத்தில் டீசலோடு ஒப்பிடுவது சரியான ஒப்பீடு ஆகாது. அங்கே 32 யூனிட்டின் விலை சில நூறு ரூபாய்தான். அப்படிப்பட்ட இடத்தில் எல்.இ.டி.யும் கம்பியோடு இணைந்த சோலாரும் போதும். பேட்டரியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

பேட்டரிக்குத் தினசரி வேலை தேடுவதில் பள்ளிக்கூடத்தைவிட நல்ல கூட்டாளி மைதானத்துக்குக் கிடைக்காது. வகுப்பறை மின்விசிறி, கணினி அறை, தண்ணீர் மோட்டார் எல்லாம் பகலில் ஓடுபவை; மைதான விளக்கு இரவில் எரிவது. ஒரே கூரை, ஒரே இணைப்பு, ஒரே பேட்டரி இரண்டுக்கும் போதும். பகலில் கரண்ட் போனால் கணினி அறையைத் தாங்கும். மாலையில் விளக்கை எரிக்கும். மே மாதம் பள்ளி மூடியிருக்கும்போது, கோடை வெயிலின் மின்சாரம் கோடைப் போட்டிகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் போகும். பகல் மிச்சத்துக்கு வாரியம் தரும் விலை, மாலையில் நாம் வாங்கும் விலையைவிடக் குறைவாக உள்ள இணைப்பு முறைகளில் நம் யூனிட்டை நாமே வைத்துக்கொள்வது லாபம்.

சூடும் தூசியும்

இந்த மண்ணுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது சூடு. சோலார் பலகைக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. பலகையின் திறன் 25 பாகையில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். அக்னி நட்சத்திரத்தில் காற்று 40 பாகை என்றால் பலகை 65 தொடும். நூற்றுக்குப் பதினான்கு பங்கு போய்விடும். வெயில் கொளுத்தும் மே மாதத்தைவிட, வானம் தெளிந்து காற்று இதமாக உள்ள மாசி, பங்குனியில் பலகை நன்றாக உழைப்பது இதனால்தான். தகரக் கூரையோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்றோட விட்டு உயர்த்திப் பதிக்க வேண்டும்.

பேட்டரிக்குச் சூடு இன்னும் ஆகாது. வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொது விதி. பேட்டரியைத் தேய்க்கும் வினைகளும் அதில் அடக்கம். தகரக் கொட்டகையில் வைத்த பேட்டரி, ஓட்டுக் கூரையின் கீழ் வடக்குப் பார்த்த அறையில் வைத்ததைவிடப் பல ஆண்டு முன்பே ஓய்ந்துவிடும்.

இரண்டாவது தூசி. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் லாரிகளும் கிளப்பும் தூசி சாதாரண மண் தூசி மாதிரி அல்ல. மார்கழிப் பனி அதன் மேல் இறங்கினால் இறுகிப் பூச்சாகிவிடும்; மழை பெய்தாலும் கழுவிக்கொண்டு போகாது. கழுவுவதற்குத் தண்ணீரும் ஏணியும் பொறுப்பான ஒரு ஆளும் திட்டச் செலவில் சேர்ந்திருக்க வேண்டும். பல ஊர்களில் சோலார் பலகை செத்துப்போவது தொழில்நுட்பத்தால் அல்ல, துடைப்பான் இல்லாததால்.

மூன்றாவது பாதுகாப்பு. கூட்டம் கூடும் இடத்தில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பெரிய பேட்டரி நிலையம் எரிந்தபோது சுற்றியிருந்த சுமார் 1,500 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அங்கே இருந்தது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் வகை. இரும்பு பாஸ்பேட் வகை எடை கூடுதல். ஆனால் சூட்டில் எளிதில் கட்டுமீறாது. மைதானத்துப் பேட்டரி ஓடப்போவதில்லை என்பதால் எடை நமக்குக் குறையே அல்ல. அதைப் பார்வையாளர் படிக்கட்டின் அடியில் வைக்காமல், தள்ளித் தனியறையில் வைப்பது நல்லது.

எதை முதலில் கேட்பது?

ஆக, ஒரு மைதானத்துக்கான வரிசை இது. முதலில் எல்.இ.டி.; தேவையையே பாதியாகக் குறைப்பதைவிட மலிவான மின் உற்பத்தி வேறு இல்லை. அடுத்து கம்பியோடு இணைந்த சோலார். கடைசியாக, தினசரி வேலை உறுதியான பிறகு, பேட்டரி. நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. பேட்டரியும் பலகையும் திறப்பு விழாவில் படமெடுக்க அழகாக இருக்கும். துடைப்பானுக்கு யார் நாடா வெட்டுவது?

சின்னசாமி அரங்கத்திலிருந்து நம் ஊர்ப் பள்ளி மைதானம் வரை, திட்ட அறிக்கையோடு வருபவரிடம் எத்தனை கிலோவாட், எத்தனை கோடி என்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஆட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு இந்தப் பேட்டரி யாருக்கு வேலை செய்யும்? பள்ளிக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, பயிற்சிப் பிள்ளைகளுக்கு, பக்கத்துத் தெருவுக்கு என்று பதில் வந்தால் பணம் போடலாம். பதில் இல்லையென்றால் பேட்டரிக்கு ஒதுக்கிய 8 லட்சத்தை நல்ல விளக்குக்கும், வடிகாலுக்கும், கழிப்பறைக்கும் செலவிடுங்கள். மைதானத்துக்கு அவையும் தினமும் வேண்டியவைதான்.